தட்டிக் கேட்கும் ஸ்கான்

எங்கள் வீட்டில் ‘ஸ்கான்’ என்றால் எல்லாம் ஒன்றுதான். தங்கச்சி பிள்ளைத்தாச்சியாக இருந்தபோது எடுத்ததும் ஸ்கான். மோட்டார் சைக்கிளில் விழுந்த பக்கத்து வீட்டுத் தம்பிக்குத் தலையில் எடுத்ததும் ஸ்கான். போன மாதம் மாமியின் நாரி நோவுக்கு டொக்டர் எழுதிக் கொடுத்ததும் ஸ்கான். உண்மையில் முதலாவது ஒலியால் பார்ப்பது, இரண்டாவது எக்ஸ்ரேயால் பார்ப்பது, மூன்றாவது காந்தத்தால் பார்ப்பது. மூன்றுக்கும் ஒரே பெயரை வைத்துவிட்டதால் ஒன்றின் பயம் மற்றதிலும் ஒட்டிக்கொள்கிறது.

மாமிக்கு எழுதிக் கொடுத்தது எம்.ஆர்.ஐ. “உது எடுத்தால் கதிர் அடிச்சுப் புற்றுநோய் வருமாம்” என்று ஒரு செத்தவீட்டில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். மாமி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அப்புறம் ஒருவழியாகச் சம்மதித்து, படிவம் நிரப்ப என்னிடம் வந்தார். ‘உடலில் உலோகப் பொருள் ஏதாவது உண்டா?’ என்று ஒரு கேள்வி.

“இல்லையெண்டு போடு.”

“மாமி, உங்கட காலுக்குள்ள ஷெல் துண்டு இருக்கெல்லே?”

“அது 1990இல பட்டது. இப்ப நோகிறதே இல்லை. அதை ஏன் அவைக்குச் சொல்லுவான்?”

இல்லாத கதிருக்கு இரண்டு நாள் பட்டினி. இருக்கிற இரும்புக்கு ஒரு ‘இல்லை’. இந்தக் குழப்பம் மாமிக்கு மட்டும் உரியதாக இருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

நிழல் பார்ப்பதும் தட்டிப் பார்ப்பதும்

தைப்பொங்கலுக்கு முதல் கிழமை சந்தையில் மண்பானை வாங்குகிறவர்களைக் கவனித்திருப்பீர்கள். பானையை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்து, எங்கேயாவது ஒளி ஊடுருவுகிறதா என்று பார்ப்பார்கள். பிறகு விரலை மடக்கித் தட்டுவார்கள். ‘டங்’ என்று கேட்டால் நல்ல பானை. ‘டப்’ என்று செத்த சத்தம் வந்தால், கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் வெடிப்பு உண்டு.

எக்ஸ்ரே முதல் வகை. ஒரு பக்கம் கதிரை அனுப்பி மறுபக்கம் விழும் நிழலைப் பிடிக்கிறார்கள். எலும்பு கதிரை அதிகம் மறிக்கும், சதை குறைவாக மறிக்கும். சி.ரி. ஸ்கானும் அதே எக்ஸ்ரேதான். உடம்பைச் சுற்றிச்சுற்றி எடுத்த நிழல்களைக் கணினி சேர்த்து, பாணை வெட்டி அடுக்கினாற்போலத் துண்டுதுண்டாகக் காட்டுகிறது. பிள்ளைத்தாச்சிகளுக்கு எடுப்பது கேளா ஒலி. கிணற்றுக்குள் கூப்பிட்டால் எதிரொலி வருவதுபோல, ஒலியை அனுப்பித் திரும்பி வருவதைக் கேட்பது.

எம்.ஆர்.ஐ இரண்டாவது வகை. அது உடம்பைத் தட்டிவிட்டு, உடம்பு என்ன சத்தம் போடுகிறது என்று காத்திருந்து கேட்கிறது. தட்டுவது விரலால் இல்லை, ரேடியோ அலையால். பதிலும் ரேடியோ அலையாகவே வருகிறது.

தட்டுப்படுவது எது?

தண்ணீர். வளர்ந்த ஒருவரின் எடையில் ஏறக்குறைய 60 வீதம் தண்ணீர். தண்ணீரில் ஐதரசன் இருக்கிறது, கொழுப்பிலும் இருக்கிறது. ஐதரசன் அணுவின் நடுவில் இருப்பது புரோத்தன் என்ற ஒரு துணிக்கை. அது மிகச் சிறிய ஒரு காந்தம்போல நடந்துகொள்ளும்.

சாதாரண நேரத்தில் இந்தக் குட்டிக் காந்தங்கள் திருவிழாக் கூட்டம்போல ஆளுக்கொரு திசையைப் பார்த்து நிற்கும். பெரிய காந்தம் ஒன்றுக்குள் உடம்பைக் கொண்டுபோனால் நிலைமை மாறும். தேர் வந்தால் எல்லா முகமும் தேரை நோக்கித் திரும்புமே, அதுபோல என்று சொல்ல ஆசைதான். ஆனால் உண்மை அவ்வளவு அழகாக இல்லை. சிலது காந்தத்தின் திசையிலும் சிலது எதிர்த்திசையிலும் நிற்கும். காந்தத்தின் பக்கம் கூடுதலாக நிற்பது பத்து இலட்சத்தில் நாலைந்துதான். அந்தச் சொற்ப மிச்சத்திலிருந்துதான் முழுப் படமும் வருகிறது. ஒரு சொட்டுத் தண்ணீருக்குள்ளேயே எண்ணி முடியாத கோடி புரோத்தன்கள் இருப்பதால் அந்த மிச்சமே போதுமாகிவிடுகிறது.

இந்தப் புரோத்தன்கள் நின்ற இடத்தில் சும்மா நிற்பதும் இல்லை. பம்பரம் சுற்றிக்கொண்டே தலையாட்டுமே, அப்படித் தலையாட்டும். ஒரு செக்கனில் எத்தனை தரம் என்பதற்கு மீடிறன் என்று பெயர். காந்தம் பலமாக இருந்தால் மீடிறனும் கூடும். காந்தத்தின் பலத்தை அளக்கும் அலகு தெஸ்லா. ஆஸ்பத்திரிகளில் அதிகம் இருப்பவை 1.5 தெஸ்லா, 3 தெஸ்லா இயந்திரங்கள். 1.5 தெஸ்லாவில் புரோத்தன் செக்கனுக்கு ஏறக்குறைய 6 கோடியே 40 இலட்சம் தரம் தலையாட்டும். அதாவது 64 மெகாஹேர்ட்ஸ். உங்கள் வீட்டு எஃப்.எம். ரேடியோ 88 இலிருந்து 108 மெகாஹேர்ட்ஸ் வரை பிடிக்கும். 3 தெஸ்லா இயந்திரம் வேலை செய்வது 128 இல். எஃப்.எம். அலைவரிசைக்கு ஒன்று கொஞ்சம் கீழே, மற்றது கொஞ்சம் மேலே. புற்றுநோய் தரும் என்று மாமி பயந்த ‘கதிர்’ இந்த இரகம்தான்.

ஊஞ்சல் ஆட்டுவதுபோல

மாமரத்தில் கட்டிய ஊஞ்சலை ஆட்டத் தெரிந்த எவருக்கும் அடுத்த பகுதி விளங்கும். கண்டபடி தள்ளினால் ஊஞ்சல் எழும்பாது. அது திரும்பி வரும் நேரத்துக்குச் சரியாக, ஒவ்வொரு முறையும் ஒரு சின்னத் தட்டுத் தட்டினால் மேலே மேலே போகும். இப்படித் தாளம் பொருந்தும்போது சிறிய தள்ளலுக்குப் பெரிய ஆட்டம் கிடைப்பதைத்தான் நம் பௌதிகப் புத்தகங்கள் பரிவு என்கின்றன. எம்.ஆர்.ஐ என்ற மூன்றெழுத்தின் தமிழ், காந்தப் பரிவுப் படமாக்கல்.

புரோத்தன் தலையாட்டும் அதே மீடிறனில் ரேடியோ அலையை அனுப்பினால் அது ஆட்டம் எடுத்துச் சரியும். அலையை நிறுத்தியதும் பழைய நிலைக்குத் திரும்பும். திரும்பும்போது மெல்லிய ரேடியோ அலையொன்றை வெளியே விடும். முழங்காலுக்கோ தலைக்கோ கூடுபோல ஒன்றை மாட்டிவிடுகிறார்களே, அந்தச் சுருள்தான் அதைப் பிடிக்கும் அன்ரெனா.

பானைக்கு வருவோம். கோயில் மணியை அடித்தால் நாதம் நெடுநேரம் நிற்கும். வெடித்த பானையில் உடனே செத்துவிடும். புரோத்தன்களின் பதிலும் அப்படித்தான். தண்ணீருக்குள் இருப்பவை ஆறுதலாக அடங்கும், கொழுப்பில் இருப்பவை விரைவாக அடங்கும். வீங்கிய இடத்தில் தண்ணீர் கூடுதலாகச் சேர்ந்திருப்பதால் அதன் நாதம் சுற்றியுள்ள சதையிலிருந்து வேறுபடும். இந்த வேறுபாட்டைக் கறுப்பு, வெள்ளை, சாம்பல் நிறமாக எழுதினால் படம்.

சத்தம் வந்த இடம் எது என்று எப்படித் தெரியும்? பெரிய காந்தத்துக்குள் இன்னும் சில சுருள்கள் உண்டு. அவை காந்தத்தின் பலத்தைத் தலைப்பக்கம் ஒரு சொட்டுக் கூட்டியும் கால்பக்கம் ஒரு சொட்டுக் குறைத்தும் வைக்கும். பலம் மாறினால் மீடிறன் மாறும் என்று சொன்னேன் அல்லவா? ஆகவே ஒவ்வோர் இடமும் தனித்தனி வானொலி நிலையம்போல வேறு எண்ணில் பேசும். கணினி எண்ணைப் பார்த்து இடத்தைக் கண்டுபிடிக்கும். இந்தச் சுருள்களுக்கு மின்சாரத்தை மாற்றி மாற்றிக் கொடுக்கும்போது அவை காந்தத்துக்குள் அதிர்கின்றன. உள்ளே கேட்கும் ‘டக டக டக’ அந்த அதிர்வுதான். 100 டெசிபலைத் தாண்டக்கூடிய சத்தம் அது. காதடைப்பான் தராவிட்டால் கேட்டு வாங்குங்கள்.

இதுவரை வந்த தூரம்: காந்தம் புரோத்தன்களை ஒழுங்குபடுத்துகிறது, ரேடியோ அலை தட்டுகிறது, பதில் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதிலிருந்து படம் வருகிறது. எக்ஸ்ரே எங்கும் இல்லை. ஒரே இடத்தைப் பலவிதமாகத் தட்டிக் கேட்பதால்தான் 20 நிமிடம், 40 நிமிடம் என்று இழுக்கிறது. அசைந்தால் படம் கலங்கும்.

பெயரால் வந்த பயம்

புரோத்தன்கள் இப்படிப் பதில் சொல்லும் என்பதை 1946 இல் பீலிக்ஸ் புளொக்கும் எட்வேர்ட் பேர்செலும் தனித்தனியாகக் கண்டார்கள். 1952 இல் இருவருக்கும் நோபல் பரிசு. அதை வைத்துப் படம் எடுக்கலாம் என்று 1973 இல் போல் லோட்டர்பர் காட்டினார். முதல் படத்தில் இருந்தது மனிதரல்ல, தண்ணீர் நிரப்பிய இரண்டு மெல்லிய குழாய்கள். 1977 இல் முதன்முதலாக ஒரு மனித உடம்பைப் படமெடுக்க ஐந்து மணித்தியாலம்வரை ஆனது. மருத்துவத்துக்கான நோபல் 2003 இல் லோட்டர்பருக்கும் பீற்றர் மான்ஸ்பீல்டுக்கும் கிடைத்தது.

ஆரம்பத்தில் இதன் பெயரில் ‘அணுக்கரு’ என்ற சொல்லும் இருந்தது. அணுவின் கரு என்ற பொருளில்தான். ஆனால் அணுகுண்டை நினைத்து நோயாளிகள் மிரளுவார்கள் என்று பின்னர் அதை எடுத்துவிட்டார்கள். பயம் மட்டும் எப்படியோ செத்தவீடுவரை வந்து சேர்ந்துவிட்டது.

எதற்கு எடுப்பது, எதற்குத் தேவையில்லை

மென்மையான உறுப்புகளைப் பார்ப்பதில் இதற்கு நிகர் குறைவு. மூளை, முள்ளந்தண்டுக்குள் ஓடும் நரம்பு வடம், முள்ளெலும்புகளுக்கு இடையில் மெத்தைபோல இருக்கும் தட்டுகள், முழங்கால் சவ்வு, பித்தக்குழாய். பாரிசவாதம் வந்து சிறிது நேரத்திலேயே மூளையில் இரத்தம் போகாத இடத்தை இதனால் காட்ட முடியும். பனையிலிருந்து விழுந்தவருக்கு முள்ளெலும்பு உடைந்ததைச் சி.ரி. நன்றாகக் காட்டும். உள்ளே நரம்பு வடம் நசிந்திருக்கிறதா என்று கேட்டால் எம்.ஆர்.ஐதான் வேண்டும்.

அதற்காக இது ‘எல்லா ஸ்கானுக்கும் பெரிய ஸ்கான்’ ஆகிவிடாது. விபத்தில் தலை அடிபட்டு வருகிறவருக்கு முதலில் சி.ரி. எடுப்பது காசு மிச்சம் பிடிக்க அல்ல. அது சில நிமிடத்தில் முடியும், புது இரத்தக்கசிவை நன்றாகக் காட்டும். நெஞ்சறைக்குள் கசிந்த காற்றைப் பார்க்கவும் சிறுநீரகக் கல்லைப் பார்க்கவும் எம்.ஆர்.ஐ பெரிய கெட்டிக்காரன் இல்லை.

நாரி நோவைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். “ஒரு எம்.ஆர்.ஐ எடுத்துப் பார்த்தால் தெரிஞ்சிடும்” என்று நாமே டொக்டரிடம் கேட்கும் காலம் இது. நோவே இல்லாத 3,110 பேரின் முதுகுப் படங்களைத் தொகுத்து 2015 இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. 20 வயதுக்காரர்களில் 30 வீதமானோருக்கும், 80 வயதுக்காரர்களில் 84 வீதமானோருக்கும் தட்டுப் பிதுங்கியிருந்தது. ஒரு நோவும் இல்லாமல்! தலைமயிர் நரைப்பதுபோல இதுவும் ஒன்று. ஆகவே ரிப்போர்ட்டில் ‘தட்டுப் பிதுக்கம்’ என்று இருப்பதாலேயே நோவுக்குக் காரணம் அதுதான் என்றாகாது. சாதாரண நாரி நோவு பெரும்பாலும் சில கிழமைகளில் தானாகக் குறையும். கால் மரத்துப்போனால், பலம் குறைந்தால், சலம் போவதில் மாற்றம் வந்தால், காய்ச்சலோடு நோவு இருந்தால், முன்பு புற்றுநோய் வந்தவராக இருந்தால் கதை வேறு. அப்போது காத்திருக்கக்கூடாது. மாமிக்கு எழுதியதற்கும் அப்படி ஒரு காரணம் இருந்தது. இடது காலில் செருப்புக் கழன்று விழுந்தது தெரியாமல் வீதியில் பத்தடி நடந்திருக்கிறார்.

கரண்ட் போனாலும் காந்தம் போகாது

பயப்பட வேண்டியது கதிருக்கல்ல என்றேன். கவனிக்க வேண்டியது காந்தம். 1.5 தெஸ்லா என்பது பூமியின் காந்தத்தைப்போல 30,000 மடங்குக்கு மேல்.

இவ்வளவு பலம் வர, பெரும்பாலான இயந்திரங்களில் மீகடத்திக் கம்பி பயன்படுகிறது. மீகடத்தி என்றால் மின்சாரத்துக்குத் தடையே தராத பொருள். அந்த நிலையில் வைக்க அதைத் திரவ ஹீலியத்தில், ஏறக்குறைய சுழியத்துக்குக் கீழே 269 பாகை செல்சியஸில் குளிர வைக்கிறார்கள். ஒருமுறை மின்னோட்டத்தைச் சுற்ற விட்டால் அது சுற்றிக்கொண்டே இருக்கும். படம் எடுக்காத நேரத்திலும், இரவிலும், ஞாயிற்றுக்கிழமையிலும் காந்தம் காந்தம்தான். ஊர் முழுக்கக் கரண்ட் போய் மெழுகுதிரி கொளுத்தும் நேரத்திலும் அந்த அறைக்குள் இரும்பைக் கொண்டுபோகக்கூடாது.

2018 ஜனவரியில் மும்பையில் ஒருவர் உறவுக்காரரோடு துணைக்குப் போய், ஒட்சிசன் சிலிண்டரை அறைக்குள் தூக்கிக்கொண்டு நுழைந்தார். சிலிண்டரோடு சேர்த்து இழுக்கப்பட்டு இறந்தார். இயந்திரம் நிறுத்தியிருக்கிறது என்று தங்களுக்குச் சொல்லப்பட்டதாகக் குடும்பத்தார் பிறகு கூறினார்கள். 2025 ஜூலையில் நியூயோர்க் மாநிலத்தில், ஸ்கான் முடித்த மனைவியை எழுப்பிவிடப் போன ஒருவர், உடற்பயிற்சிக்காகக் கழுத்தில் அணிந்திருந்த கனத்த உலோகச் சங்கிலியால் இழுபட்டு உயிரிழந்தார். இருவருமே நோயாளிகள் இல்லை, துணைக்குப் போனவர்கள். நம் ஊரில் ஒருவருக்கு ஸ்கான் என்றால் நாலு பேர் கூடப் போவோம் என்பதால் இதைச் சொல்லி வைக்கிறேன். வாசலில் மறிக்கிறவரோடு “ஒரு நிமிசம்தானே” என்று வாதாடாதீர்கள்.

தாலிக்கொடியும் அதில் தொங்கும் பின்னும்

பொன்னைக் காந்தம் இழுக்காது. பிறகேன் கழற்றச் சொல்கிறார்கள்? ரேடியோ அலைக்குள் இருக்கும் உலோக வளையம் சூடேறலாம், படத்தையும் கெடுக்கும். அத்தோடு நம் பெண்களின் தாலிக்கொடி தனியே வருவதில்லையே. அவசரத்துக்கு உதவும் என்று இரண்டு மூன்று சேஃப்டி பின்னும் அதில் தொங்கும். அவை இரும்பு. கொண்டை ஊசி, மெட்டி, அரைஞாண் கொடி, நூல் கட்டிய தாயத்து, பேர்ஸ், போன், மணிக்கூடு, காது கேட்கும் கருவி எல்லாம் வெளியே. சரிகைச் சேலையிலும் உலோக இழை இருக்கலாம் என்பதால்தான் அவர்கள் தரும் உடையை மாற்றச் சொல்கிறார்கள். ஜெய்ப்பூர் கால் போட்டவர்கள் அதை வெளியே கழற்ற வேண்டும். சாதாரண சக்கர நாற்காலியும் உள்ளே போகாது.

கழற்ற முடியாதவைதான் சிக்கல். இதய முடுக்கி (பேஸ்மேக்கர்) பொருத்தியவர்கள் கட்டாயம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். பழைய வகைகளுக்கு ஆபத்து உண்டு, புதியவற்றில் பல, சில நிபந்தனைகளோடு ஸ்கானுக்கு ஏற்றவை. மூளை இரத்தக்குழாயில் கிளிப் போட்டவர்கள், காதுக்குள் செவிக்கருவி பதித்தவர்களும் அப்படியே. இதயக் குழாய்க்குப் போடும் ஸ்டென்ட் அநேகமாகப் பிரச்சினை தராது. எலும்பு முறிவுக்கு வைத்த தைட்டானியத் தகடும் அப்படித்தான், பக்கத்துப் படம் மட்டும் கொஞ்சம் கெடும். இதற்கெல்லாம் சத்திரசிகிச்சை விவரம் எழுதிய காகிதத்தைக் கொண்டுபோனால் வேலை சுலபம். கிரைண்டரில், வெல்டிங்கில் வேலை செய்து எப்போதாவது கண்ணில் இரும்புத்தூள் பட்டவர்கள் அதை மறக்காமல் சொல்ல வேண்டும். கண்ணுக்குள் தங்கிய மிகச் சிறிய துகளும் அசைந்தால் பார்வையைப் பறிக்கலாம்.

ஷெல் துண்டோடு வாழ்கிறவர்கள்

வேறு நாட்டில் அந்தப் படிவத்துக் கேள்வி பலருக்கு வெறும் சம்பிரதாயம். இங்கே அப்படியில்லை. சன்னமும் ஷெல் துண்டும் உடம்பில் கிடக்க, கிணற்றடிக்கும் தோட்டத்துக்கும் போய்வருகிற எத்தனையோ பேர் நம்மிடையே இருக்கிறார்கள். எடுத்தால் ஆபத்து, விட்டால் பிழையில்லை என்று அன்று டொக்டர்மார் விட்டுவிட்ட துண்டுகள். நோகாததால் மறந்தும் போய்விட்டன. எப்போது, எந்த ஆஸ்பத்திரியில் காட்டியது என்ற காகிதங்கள் இடம்பெயர்வோடு போய்விட்டன. 19 ஆம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் வைத்தியர் சாமுவேல் கிறீன் மருத்துவத்தைத் தமிழில் படிப்பித்த மண் இது. இன்று தமிழில் அச்சடித்த கேள்விக்கு, அது தன்னைத்தான் கேட்கிறது என்று தெரியாமல் ‘இல்லை’ போடுகிறோம்.

ஷெல் துண்டு பெரும்பாலும் உருக்கு. காந்தத்துக்குப் பிடித்தமான பொருள். துண்டு இருந்தால் எம்.ஆர்.ஐ எடுக்கவே முடியாது என்றும் நினைக்க வேண்டாம். அது எங்கே இருக்கிறது என்பதுதான் முக்கியம். சதைக்குள் வருடக்கணக்காகக் கிடக்கும் துண்டைச் சுற்றி வடுத்திசு வளர்ந்து பிடித்து வைத்திருக்கும். கண், மூளை, முள்ளந்தண்டு வடம், பெரிய இரத்தக்குழாய் ஆகியவற்றுக்குப் பக்கத்தில் இருந்தால் சிறு அசைவும் பெரிய சேதம் செய்யலாம். காகிதம் இல்லாவிட்டாலும் வழி உண்டு: முதலில் ஒரு சாதாரண எக்ஸ்ரே. அதில் துண்டின் இடமும் அளவும் தெரியும். எடுக்கலாமா, சி.ரி.யோடு சமாளிக்கலாமா என்று கதிரியல் நிபுணர் முடிவு செய்வார். நாம் செய்ய வேண்டியது வாயைத் திறப்பதுதான்.

ஊசி மருந்தும் இன்னும் சிலவும்

சிலருக்குப் படம் தெளிவாக வரக் கையில் ஒரு மருந்து ஏற்றுவார்கள். அதில் கடோலினியம் என்ற உலோகம் பாதுகாப்பாகப் பொதிந்த வடிவில் இருக்கும். பெரும்பாலானோருக்குத் தொந்தரவில்லை. சிறுநீரகம் மோசமாகப் பழுதடைந்தவர்களுக்குச் சில பழைய வகை மருந்துகளால் தோல் இறுகும் அரிய நோய் வந்ததுண்டு. அதனால்தான் முதலில் இரத்தத்தில், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேற்றினின் அளவைப் பார்க்கிறார்கள். கர்ப்பிணிகளுக்கு எம்.ஆர்.ஐயால் கேடு வந்ததாக உறுதிப்படவில்லை. இருந்தாலும் அவசியமானால்தான் எடுப்பார்கள், அந்த மருந்தை இயன்றவரை தவிர்ப்பார்கள்.

ஒடுங்கிய குழாய்க்குள் மூச்சு முட்டுவதுபோலச் சிலருக்கு இருக்கும். வெட்கப்படாமல் முன்பே சொல்லலாம். கையில் ஒரு இறப்பர்ப் பந்து தருவார்கள், அமத்தினால் வெளியே எடுப்பார்கள். உடம்பு இலேசாகச் சூடாவது வழமை. ஓரிடம் மட்டும் சுட்டால் உடனே பந்தை அமத்துங்கள்.

மாமியின் படிவத்தில் ‘ஆம்’ என்று போட்டு, பக்கத்தில் ‘இடது கெண்டைக்கால், ஷெல் துண்டு, 1990’ என்று எழுதினோம். எக்ஸ்ரே எடுத்தார்கள். சதைக்குள் பயற்றம் விதையளவு ஒரு வெள்ளைப் புள்ளி, நரம்புக்கும் பெரிய குழாய்க்கும் தள்ளி. நிபுணர் பார்த்துவிட்டு எடுக்கலாம் என்றார். மாமி தாலிக்கொடியைக் கழற்றிக் கைலேஞ்சியில் சுற்றி என்னிடம் தந்தார். அரை மணித்தியாலத்துக்குப் பிறகு தலைமயிர் கலைந்து வெளியே வந்தார்.

“துண்டு இழுத்ததோ மாமி?”

“ஒண்டும் இழுக்கேல்லை. தகரக் கூரைக்கு ஆணி அடிக்கிற மாதிரிக் கேட்டது. மனசுக்குள்ள தேவாரம் சொல்லிக்கொண்டு கிடந்தன், இடையில கண்ணயர்ந்திட்டன்.” கைலேஞ்சியை அவிழ்த்து ஒருதரம் பார்த்தார். “மூண்டு பின் எல்லோ இருந்தது, மற்றது எங்கை?”